மூணு விரல் மதமதப்பு, காலடியில் கூழாங்கல்: எல்லாம் ஒரே நோயா?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு 42 வயசு, எடை 52 கிலோ. தண்டையார்பேட்டையில வீட்டு வாசல்லயே இட்லி, ஆப்பம் போட்டு விக்கிறேன். விடியக்காலம் 4 மணிக்கு எழுந்தாத்தான் ஆறு மணிக்கு முதல் ஈடு இறக்க முடியும். பத்து வாரத்துக்கு முன்னாடி ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பார்த்துட்டு ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு சொன்னாங்க. ஆன்ட்டி சிசிபிங்கற ரத்த டெஸ்ட் 200-க்கு மேல, ஹீமோகுளோபின் 9.2. ஞாயித்துக்கிழமை ராத்திரி மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி., வாரத்துல ரெண்டு நாள் ஃபோலிக் ஆசிட் 5 மி.கி., தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 200 மி.கி. ஸ்டீராய்டு முதல்ல 10 மி.கி., இப்ப 5. ஆரம்பிச்ச ரெண்டு வாரம் சொர்க்கமா இருந்துச்சு. அப்புறம் பழையபடி வலி. இன்னிக்கு வலது மணிக்கட்டுன்னா நாளைக்கு இடது முட்டி. ராத்திரி கை மதமதன்னு மரத்துப்போய் தூக்கத்துல எழுப்புது, பக்கவாதமோன்னு பயமா இருக்கு. கண்ணுல மணல் போட்ட மாதிரி உறுத்தல். காலை ஊனினா கூழாங்கல் மேல நிக்கிற மாதிரி. திங்கக்கிழமை பூராவும் குமட்டல். முடி கொட்டுது. அசதின்னா அப்படி ஒரு அசதி. பக்கத்து வீட்டுல 'இது சிக்குன்குனியா விட்டுட்டுப் போனது, மாத்திரையை நிறுத்து'ங்கறாங்க. இதெல்லாம் நோயா, மாத்திரையா, வேற ஏதாவதா? கடையை மூடிடுன்னு வீட்டுல சொல்றாங்க. என்ன பண்றது?

பதில்:

அம்மா, நோயா, மாத்திரையா, வேறு ஏதாவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் இருக்கிறது. எல்லாத் தொல்லையையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மேலே 'வாதம்' என்று எழுதி ஓரமாக வைத்துவிட்டால், சீக்கிரம் சரியாகக்கூடியதும் அந்த மூட்டைக்குள்ளேயே கிடக்கும். அவிழ்த்துப் பார்க்கலாம்.

முதலில் பக்கத்து வீட்டுப் பேச்சு. சிக்குன்குனியா என்று அவர்களுக்குத் தோன்றுவதில் தப்பில்லை. 2006-ல் அந்தக் காய்ச்சல் ஊரையே முடக்கிப் போட்டதிலிருந்து நம் பக்கத்தில் எந்த மூட்டு வலிக்கும் முதலில் அந்தப் பெயர்தான் வரும். அது போன பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் விரல் வீங்கி, அச்சு அசல் ரூமட்டாய்டு போலவே இருக்கும். ஆர்.ஏ. ஃபேக்டர் டெஸ்ட்கூடச் சிலருக்கு பாசிட்டிவ் ஆகும். அந்த டெஸ்டை மட்டும் நம்பி எதையும் சொல்ல முடியாது. காசநோயிலும் ஹெபடைட்டிஸ் சி-யிலும், வயதானவர்களுக்குச் சும்மாவும்கூட அது பாசிட்டிவ் காட்டும். ஆன்ட்டி சிசிபி அந்த ரகம் இல்லை. அது உங்களைப் போல உயர்ந்த அளவில் இருந்து, விரல் கணுக்களும் மணிக்கட்டும் இரண்டு பக்கமும் ஆறு வாரத்துக்கு மேல் வீங்கியும் இருந்தால், பெரியவர்கள் சரவாங்கி என்று சொல்வார்களே, அதுதான் இது. மாத்திரையை நிறுத்தினால் வலி கூடுவதோடு போகாது. மூட்டு எலும்பை இந்த நோய் அரிப்பது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வருடங்களில்தான் வேகமாக நடக்கும். அரித்த எலும்பு திரும்ப வளராது.

அடுத்து அந்த இரண்டு வாரச் சொர்க்கம். அப்போது வேலை செய்தது ஸ்டீராய்டு மட்டும்தான். மெத்தோட்ரெக்ஸேட் நன்றாகப் பிடிக்க 8 முதல் 12 வாரம் ஆகும், ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு 3 முதல் 6 மாதம். தளம் ஊற்றினால் காங்கிரீட் இறுகும்வரை கீழே சவுக்குக் கட்டை முட்டுக்கொடுத்து வைப்பார்கள் இல்லையா, ஸ்டீராய்டு அந்த முட்டு. 10-லிருந்து 5-க்கு இறக்கியபோது அந்த முட்டில் பாதியை உருவியாகிவிட்டது, தளம் இன்னும் முழுதாக இறுகவில்லை. அதனால் வந்த வலி இது. மருந்து கேட்காமல் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. 12 வாரம் தாண்டியும் வீக்கம் இப்படியே இருந்தால் மெத்தோட்ரெக்ஸேட்டை 20, 25 மி.கி. வரை ஏற்றலாம், ஊசியாக மாற்றலாம், இன்னொரு மருந்தைச் சேர்க்கலாம். அந்த முடிவு உங்கள் மருத்துவருடையது.

நீங்களாக ஸ்டீராய்டைத் திரும்ப 10 ஆக்கிக்கொள்ளாதீர்கள். அதைவிட முக்கியம், நீங்களாக நிறுத்தாதீர்கள். பத்து வாரமாக வெளியிலிருந்து வந்துகொண்டிருப்பதால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்து வைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிவு என்று படுக்கையில் தள்ளிவிடும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். ராத்திரி போட்டால் தூக்கம் கெடும். மெடிக்கல் ஷாப்பில் ஒரு வேளைக்கு மூன்று நான்கு மாத்திரை கலந்து, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்களே, அதை இனி தொடவே வேண்டாம். அதில் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு ஒன்றும் வலி மாத்திரை இரண்டும் இருக்கும். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுக்கிற உங்களுக்கு அது எத்தனை மடங்கு என்று யாருக்கும் கணக்குத் தெரியாது.

இடம் மாறி மாறி வலிப்பது இந்த நோயின் ஆரம்ப காலத்துக் குணம். அதைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். நீங்கள் அளக்க வேண்டியது வேறு இரண்டு விஷயம்.

ஒன்று, காலையில் எழும்போது மூட்டு இறுகிப் பிடிப்பது எத்தனை நிமிடம் என்பது. அழற்சியை, அதாவது மூட்டு உள்ளே கொதித்து வீங்குவதை, தூண்டுகிற பொருட்கள் பின்னிரவில் ரத்தத்தில் ஏறும். அதை அடக்குகிற கார்டிசால், உடம்பே சுரக்கிற ஸ்டீராய்டு அது, விடிவதை ஒட்டித்தான் உடம்பில் உச்சத்துக்கு வரும். நீங்கள் எழுகிற 4 மணி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நேரம். ஏழு மணிக்கு எழுகிறவரைவிட உங்களுக்கு அதிகம் பிடிப்பதில் ஆச்சரியமில்லை. கடன் நோட்டு ஒன்று வைத்திருப்பீர்கள், அதன் கடைசிப் பக்கத்தில் தினமும் இரண்டு நேரம் மட்டும் குறியுங்கள்: எழுந்த நேரம், மாவுக் கரண்டியின் காம்பை விரல் முழுதாக மூடிப் பிடிக்க முடிந்த நேரம். 4:00, 5:40 என்று இருப்பது ஒரு மாதத்தில் 4:00, 4:35 ஆனால் மருந்து பிடிக்கிறது, அன்றைக்கு வலி எப்படி இருந்தாலும். அரை மணி நேரத்துக்குள் இளகிவிடுகிற பிடிப்பு ஒருநாள் அதிக வேலை செய்ததால்கூட வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பது அழற்சி.

இரண்டு, வீக்கம். வலியும் வீக்கமும் ஒன்றல்ல. வெளிச்சத்தில் கையை மூடிக் குத்துப்போல வைத்துப் பாருங்கள். விரல் கணுக்கள் நான்கு மேடாகவும், நடுவில் மூன்று பள்ளமாகவும் தெரிய வேண்டும். பள்ளம் தூர்ந்து மேடும் பள்ளமும் ஒரே மட்டமாக இருந்தால் அங்கே வீக்கம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மாத்திரை போடுகிற நேரத்தில், பார்த்து எழுதுங்கள். பள்ளம் திரும்பத் தெரிய ஆரம்பித்தும் வலி மட்டும் மிச்சம் இருந்தால், அது பலவீனமான தசையின் வலியாகவோ தூக்கம் கெட்டதன் வலியாகவோ இருக்கலாம். அதற்கு மருந்தை ஏற்றிப் பயனில்லை.

இப்போது ராத்திரி மதமதப்பு. உங்கள் கடிதத்தில் அதிகம் பயந்து எழுதியிருப்பது இதைத்தான். சீக்கிரம் சரியாகக்கூடியதும் இதுதான்.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான குகை இருக்கிறது. விரலை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகத்தான் உள்ளங்கைக்குப் போகின்றன. ரூமட்டாய்டில் அந்த நாண்களின் உறையும் வீங்கும். எலும்பும் தடித்த பட்டையும் சுற்றி நிற்பதால் குகை விரிந்து கொடுக்காது, நசுங்குவது நரம்பு. தூக்கத்தில் நாம் கையை மடக்கித் தலைக்கடியிலோ கன்னத்தடியிலோ வைத்துக்கொள்கிறோம், குகை இன்னும் குறுகுகிறது. அதனால்தான் ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு எழுப்புகிறது.

அதுதானா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். அடுத்த தடவை எழுப்பும்போது எந்த விரல் என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலின் பாதி. சுண்டுவிரல் மட்டும் தப்பித்திருக்கும். கையைத் தொங்கவிட்டு உதறினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளியும். பகலில் இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்க, மணிக்கட்டை மடக்கி 60 விநாடி வையுங்கள். அதே விரல்கள் விறுவிறு என்றால் ஏறக்குறைய உறுதி. சுண்டுவிரல் மரத்தால் கோளாறு பெரும்பாலும் முழங்கைப் பக்கம். பக்கவாதம் இப்படித் தினமும் வந்து, உதறினால் போகாது. அது திடீரென்று வரும், ஒரு பக்கக் கையும் காலும் தொய்யும், வாய் கோணும், பேச்சு குழறும். அப்படி ஆனால் 108-ஐ அழைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

வைத்தியம் எளிது. மெடிக்கல் ஷாப்பில் 'ரிஸ்ட் ஸ்ப்ளின்ட்' என்று கேளுங்கள், உள்ளங்கைப் பக்கம் அலுமினியப் பட்டை வைத்தது. வெறும் எலாஸ்டிக் பட்டை வேண்டாம், அது இன்னும் இறுக்கும். வாங்கியதும் ஒரு வேலை இருக்கிறது. பல ஸ்ப்ளின்ட்டுகளில் அந்தப் பட்டை மணிக்கட்டு பின்பக்கம் சாய்கிற மாதிரி வளைந்தே வரும். உறையிலிருந்து உருவி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நேராக்கி, திரும்பச் செருகுங்கள். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்கும்போதுதான் குகைக்குள் அழுத்தம் குறைவு. படுக்கும்போது மட்டும் கட்டுங்கள், ஒரு விரல் உள்ளே நுழையும் தளர்வோடு. ஆறு வாரம் விடாமல் கட்ட வேண்டும். மூன்று நாள் கட்டிவிட்டு 'கேட்கல' என்று பரண்மேல் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆறு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, டம்ளர் கை நழுவ ஆரம்பித்தாலோ, கட்டைவிரலின் அடிச்சதை மறு கையைவிட வற்றித் தெரிந்தாலோ நரம்பு டெஸ்ட் எடுத்து, அந்த இடத்தில் ஓர் ஊசியோ சிறிய அறுவை சிகிச்சையோ செய்ய வேண்டிவரும். தைராய்டும் சர்க்கரையும் இதே மதமதப்பைத் தரும். ஸ்டீராய்டு எடுப்பதால் சர்க்கரை எப்படியும் பார்க்க வேண்டும், அதோடு டி.எஸ்.எச். என்கிற தைராய்டு டெஸ்ட் ஒன்றும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமைக் குமட்டல் மெத்தோட்ரெக்ஸேட்டுடையது, அதில் சந்தேகம் வேண்டாம். இந்த மருந்துக்கும் நம் ஊருக்கும் ஒரு பந்தம் உண்டு. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில்தான் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்ததும், அதற்கு எதிராக வேலை செய்யும் மெத்தோட்ரெக்ஸேட்டை உருவாக்கியதும். 1940-களில் புற்றுநோய்க்காக வந்தது. உங்களுக்குக் கொடுப்பது அதில் மிகச் சிறிய அளவு. 'கேன்சர் மாத்திரை கொடுத்துட்டாங்க' என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்க வேண்டாம்.

ஃபோலிக் ஆசிட்டை அது தடுப்பதால்தான் குமட்டல், வாய்ப்புண், முடி உதிர்தல் எல்லாம். ஈடுகட்டத்தான் மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட் தருகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, அந்த இரண்டு நாளைக் கூட்டலாமா என்பது. மெத்தோட்ரெக்ஸேட் போடும் நாளை மட்டும் விட்டுவிட்டு வாரத்தில் மேலும் சில நாள் போடலாம். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும் முன் போடுங்கள். திங்கட்கிழமை வியாபாரம் கெடுகிறது என்றால் கடை விடுமுறைக்கு முந்திய ராத்திரிக்கு நாளை மாற்றிக்கொள்ளலாம். மாற்றுகிற அந்த ஒரு தடவை இடைவெளியை ஏழு நாளிலிருந்து எட்டு ஒன்பதாக நீட்டுங்கள், ஐந்தாக நெருக்காதீர்கள். இதெல்லாம் செய்தும் தீரவில்லை என்றால் தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றினால் பலருக்குக் குமட்டல் விட்டுப்போகிறது. சர்க்கரைக்காரர்கள் இன்சுலின் போடுவது மாதிரி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். முடி திரும்ப வரும். அதற்காக எண்ணெய், ஷாம்பு என்று காசைக் கரைக்காதீர்கள்.

இங்கே ஒரு பெரிய ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்ஸேட். ஃபோல்வைட் என்பது ஃபோலிக் ஆசிட். இரண்டு பெயரும் 'ஃபோல்' என்று ஆரம்பிக்கிறது. கடையிலோ வீட்டிலோ இடம் மாறி, வாரம் ஒரு முறை போட வேண்டியதைத் தினமும் போட்டால், ஒன்றிரண்டு வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளை அணுவும் தட்டணுவும் சரிந்து, உயிருக்கே உலை வைக்கும். இன்னொரு வழியிலும் இதே தப்பு நடக்கும். 2.5 மி.கி. மாத்திரையில் ஆறு போட்டுப் பழகியவருக்குக் கடைக்காரர் 10 மி.கி. அட்டையைக் கொடுத்துவிட்டால், பழக்கத்தில் ஆறு போட்டு 60 மி.கி. ஆகிவிடும். அட்டை மாறும் ஒவ்வொரு முறையும் மி.கி. எண்ணைப் படியுங்கள், உங்களுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் அட்டை மட்டும் தனி டப்பாவில், மூடியில் 'ஞாயிறு' என்று எழுதி வைத்திருக்கட்டும். ஒரு வாரம் மறந்து, இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள், அடுத்த ஞாயிறு இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

நீர்க்கடுப்புக்கோ சளிக்கோ யாராவது செப்ட்ரான் என்கிற ஆன்ட்டிபயாட்டிக் எழுதினால், 'மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுறேன்' என்று சொல்லி மறுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையைப் படுக்கவைத்துவிடும். இன்னொன்று, மாதவிலக்கு நிற்கும்வரை கருத்தடை கட்டாயம். 42 வயதில் இனி என்ன என்று அசட்டையாக இருக்க வேண்டாம். இந்த மருந்து கருவைச் சிதைக்கும்.

ரத்த டெஸ்ட் முதல் மூன்று மாதம் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை: ரத்த அணுக்கள், ஈரலுக்கு எஸ்.ஜி.பி.டி., சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின். திங்கள், செவ்வாயில் ரத்தம் கொடுக்காதீர்கள். மாத்திரை போட்ட ஒன்றிரண்டு நாள் எஸ்.ஜி.பி.டி. சும்மாவே ஏறி இறங்கும், தேவையில்லாத கலவரம் வரும். வெள்ளி, சனிக்கிழமையில் கொடுங்கள்.

கண் உறுத்தலுக்கு அடுப்புப் புகைமேல் பழியைப் போட்டிருப்பீர்கள். புகையும் காரணமாகலாம். ஆனால் ஒரு கேள்வி: வாய் எப்படி இருக்கிறது? பொரியோ பன்னோ தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிகிறதா? ராத்திரி தண்ணீர் குடிக்கவே எழுகிறீர்களா? விழுங்க முடியவில்லை, எழ வேண்டியிருக்கிறது என்றால், கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இந்த நோயில் சேர்ந்து வறண்டிருக்கலாம். ஜோக்ரன் என்று பெயர். எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் ஒரு காகிதப் பட்டையைக் கீழ் இமையில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்ப்பார்கள். 5 மில்லிமீட்டர்கூட நனையவில்லை என்றால் வறட்சி. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு ஒரு நாளைக்கு நான்கு முறை போட்டால் உறுத்தல் நன்றாகவே குறையும். வாய் வறண்டால் பல் சீக்கிரம் சொத்தையாகும், ராத்திரியும் பல் துலக்குங்கள்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கண்ணைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கெடுப்பது விழித்திரையை. அதில் உறுத்தல் வராது, அதுவும் பெரும்பாலும் பல வருடங்களுக்குப் பிறகு. எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மி.கி. தாண்டக் கூடாது என்பது கணக்கு. 52 கிலோவுக்கு 260 மி.கி., உங்களுக்கு 200 சரி. முதல் வருடத்துக்குள் ஒரு தடவை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் விழித்திரையைப் பார்த்தால் போதும். ஆனால் கண் சிவந்து, தூக்கத்தில் எழுப்பும் அளவுக்கு ஆழமாக வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றே கண் டாக்டர். சொட்டு மருந்து போட்டுக் காத்திருக்கக் கூடாது.

காலடிக் கூழாங்கல், முன்பாதத்து மூட்டு வீக்கம். இதை உங்கள் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் அழுத்திப் பார்த்து மதிப்பெண் போடுகிற 28 மூட்டுக் கணக்கில் பாதம் கிடையவே கிடையாது. கை நன்றாக இருந்தால் 'நோய் அடங்கிவிட்டது' என்று சீட்டில் எழுதிவிடுவார்கள், காலில் அரித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுங்கள், விடியக்காலம் வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நிற்காதீர்கள்.

அசதியில் பாதி நோயுடையது. மீதிப் பாதியை 9.2 என்கிற அந்த ஹீமோகுளோபினில் தேடுங்கள். அழற்சியே ரத்தத்தைக் குறைக்கும். அந்த வகைக்கு இரும்பு மாத்திரை பலிக்காது, நோய் அடங்கினால் தானே ஏறும். ஆனால் மாதவிலக்கு அதிகம் போகிறதென்றால் இரும்புக் குறைவும் சேர்ந்திருக்கும். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் எடுத்தால் தெரியும், ஒரு சிக்கலோடு: அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். அதனால் 'நார்மல்' என்று வந்தாலும் 100-க்குக் கீழே இருந்தால் இரும்பு போதவில்லை என்றே பல சமயம் கொள்ள வேண்டும். இரும்பு மாத்திரை கொடுத்தால் டீயோடு போடாதீர்கள், ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். கடையில் இருக்கிறவர்களுக்கு அதுதான் கஷ்டம், தெரியும். சாப்பாட்டில் தக்காளி, கத்தரிக்காய், தயிர் எதையும் விலக்க வேண்டாம். மத்தி, நெத்திலி, முட்டை நிறையச் சாப்பிடுங்கள். கருவாட்டு உப்பு மட்டும், ஸ்டீராய்டு எடுக்கும்வரை, ரத்த அழுத்தத்துக்கு ஆகாது.

மழை பிடிக்கப்போகிறது, காய்ச்சல் காலம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் அந்த வார மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவையுங்கள், ஸ்டீராய்டை நிறுத்தாதீர்கள், பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் அந்த வலி மாத்திரை ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். அன்றே ரத்தம் பாருங்கள். ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று நெருப்பாகக் கொதித்து, தொடவே முடியாமல், காய்ச்சலும் சேர்ந்தால் அது வாதம் இல்லை, உள்ளே சீழ். ராத்திரி என்றாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். புதிதாக வறட்டு இருமலும், படியேறினால் மூச்சிரைப்பும் வந்தாலும் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டு உடனே காட்ட வேண்டும். அரிதாக அந்த மருந்தே நுரையீரலைத் தாக்கும். சாதாரண இருமல்கூட இரண்டு வாரம் தாண்டினால் சளி டெஸ்ட். தாரைப்போல் கறுப்பாக மலம் போனாலும், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும் மறுநாள் வரை விடாதீர்கள்.

கடையை மூட வேண்டாம். ஆறு மணியை மூன்று மாதத்துக்கு ஏழு ஆக்குங்கள். எழுந்தவுடன் கையைப் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பத்து நிமிடம் வைத்து, உள்ளேயே விரலை மடக்கி விரியுங்கள். கொதிப்பாக வீங்கியிருக்கும் மூட்டில் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். இட்லித் துணியைப் பிழிவதுதான் மணிக்கட்டுக்கு எமன். பிழியாமல் சல்லடைத் தட்டில் போட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள், தண்ணீர் இறங்கிவிடும். கரண்டிக் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கினால் விரலை இறுக்கி மூட வேண்டியிருக்காது. மாவை அண்டாவோடு தூக்காமல் இரண்டு லிட்டர் தூக்கில் மொண்டு வையுங்கள். தெருப் பம்பில் தண்ணீர் அடிப்பதும், குடத்தை இடுப்பில் ஏற்றுவதும், தேங்காய் துருவுவதும் வீட்டில் மற்றவர்கள் வேலை. கடையை மூடச் சொல்கிறவர்களிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வேலை செய்த வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால், மறுநாள் அந்த வேலையில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பத்தை மட்டும் இப்போதைக்கு நிறுத்துங்கள். கனமான சட்டியை இரண்டு கையாலும் பிடித்து, மாவு ஓரம் ஏறும்வரை சுழற்றுகிறீர்கள். வீங்கிய மணிக்கட்டுக்கு அதைவிட மோசமான வேலை இல்லை. கேட்டு வருகிறவர்களிடம் தை மாதம் போடுவோம் என்று சொல்லி வையுங்கள்.